டிஸ்க்கின் வாயைப் பொத்திய கதை

என் மதிப்பிற்குரிய அக்காவுக்கு, ஏழு கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் உன் தம்பி விழுந்து வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் பத்து யானை பலத்தோடு இருக்கிறேன். இருமல் மட்டும் இரண்டு வாரமாக விடவில்லை.

போன விடுமுறையில், மறைந்த அத்தானின் வீடியோக்களை உன் போனிலிருந்து என் யுஎஸ்பி டிஸ்க்குக்கு மாற்றினேன் அல்லவா? அது பழுதான டிஸ்க். ஒவ்வொரு வீடியோவின் நடுவிலும் 'எழுத முடியவில்லை' என்று நின்றது. உலகமகா மேதையான நான், கணினிக்குள் டிஸ்க்கோடு பேசும் 'கர்னல் டிரைவர்' என்ற மென்பொருளையே திருத்தி, பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே போக வைத்தேன். எல்லாம் பத்திரம் என்று உன்னிடம் மார்தட்டினேன்.

நேற்று தனியாகச் சாப்பிடும்போது பேச்சுத்துணைக்கு அத்தானைப் போட்டேன். ஒன்றுகூட ஓடவில்லை. இன்று ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண் டிஸ்க்கையும் என் திருத்தத்தையும் பார்த்துவிட்டு, "ஏண்ணா, வலிக்குதுன்னு அது கத்தினா வாயைப் பொத்துவீங்களா?" என்றாள். கூனிக் குறுகிவிட்டேன்.

போனில் இடம் அடைக்கிறது, அழித்துவிடு என்று சொன்னதும் நான்தான். அழிக்காதே அக்கா. அழித்திருந்தால் அந்தப் போனை உடனே அணைத்து வை. புதிதாக ஒரு படம்கூட எடுக்காதே; அழித்த இடத்தில் வேறெதுவும் பதியாதவரை வீடியோக்களை மீட்க வழி உண்டு. கூப்பிட்டுச் சொல்ல முகமில்லாமல் எழுதுகிறேன். வேறு போனிலிருந்து நீ கூப்பிடு, திட்டுவதற்காவது.

அவசரமாக,
தம்பி