காலை மாத்திரை

ஆடி 9, வெள்ளி

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. இந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் உத்திரமேரூரில் இறக்கிவிட, வீடு வந்து படுத்தால் எதிர்க் கம்பத்து ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. ஆடி முடிகிறவரை பகல் தூக்கம் அவ்வளவுதான்.

சுகர் மறுபடி ஏறியிருக்கிறது. பகல் ஷிப்ட் வாரம் ஒழுங்காக இருக்கும், நைட் வந்தால் ஏறிக்கொள்ளும். சாப்பாடு என்னவோ அதேதான். சமாளிப்பேன். சர்க்கரை டப்பாவையே வீட்டைவிட்டுத் துரத்தியாச்சு.

நல்ல சேதி: நைட் லைன் லீடர் போஸ்ட் எனக்குத்தானாம், சூப்பர்வைசர் சொன்னார். இனி எப்போதும் நைட். எனக்கென்ன பயம்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, பினாயில், மகளுக்கு ரிப்பன்.

ஆடி 11, ஞாயிறு

டாக்டரிடம் போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

காலையில் வந்ததும் பாயில் விழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஆட்டோ எடுக்கிற அவசரம். சுகர் மாத்திரை கவரில் "காலை, சாப்பாட்டுக்கு முன்" என்று இருக்கிறதே, எழுப்பிக் கொடுத்தார். "போட்டுக்கோ கலா, இட்லி மூடி வெச்சிகீறேன்." போட்டேன். இட்லியைத் தொடாமலே தூங்கிவிட்டேன். ஊருக்குத்தான் அது காலை, எனக்கு ராத்திரி.

ஸ்பீக்கர் அலறித்தான் எழுப்பியது. உடம்பெல்லாம் வேர்வை, கை உதறல், சுவர் சுற்றுகிறது. வாசல்வரை தவழ்ந்தேன். கோயில் கூழோடு எதிர்வீட்டு மல்லிகா அக்கா வந்துகொண்டிருந்தார்.

"அய்யய்யோ, இன்னாடி ஆச்சு! சக்கர எங்க கீது?"

"வூட்ல இல்லக்கா."

கையிலிருந்த படையல் வெல்லத்தை என் வாயில் திணித்தார். அப்புறம் கூழ். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். மகள் முகம்தான் வந்தது.

சாயங்காலம் டாக்டர். நைட் ஷிப்ட் என்று நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. "மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம தூங்கினதால சர்க்கரை ஒரேயடியா இறங்கிடுச்சு. உடம்புக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கும்மா. ராத்திரியில சாப்பிட்டா சர்க்கரைய அது சரியா கவனிக்காது. வாரா வாரம் நேரத்த மாத்தினா குழம்பிப் போயிடும்."

"எப்பவும் நைட்டுன்னா சார்?"

"வேணாம்மா. பகல் ஷிப்ட் கேளுங்க."

ஆடி 12, திங்கள்

வெயில். லீவு. வீட்டுக்காரர் முகம் தொங்கிக் கிடக்கிறது. "நான்தானே குடுத்தேன்" என்று ஒரே புலம்பல். "இனிமே மணிய பாத்து மாத்திர குடுக்காதய்யா, என் தட்ட பாத்து குடு" என்றேன். சிரித்துவிட்டார்.

அந்த ஸ்பீக்கரை இனி திட்டக் கூடாது.

ஆடி 14, புதன்

சூப்பர்வைசரிடம் பகல் ஷிப்ட் கேட்டேன், கிடைத்தது. "பகல்ல லீடர் போஸ்ட் இல்லம்மா, பரவால்லியா?" "பரவால்ல சார்." பரவாயில்லையாம்! போஸ்ட் தேவிக்கு. நான் வேலை கற்றுக்கொடுத்த பெண். பஸ்ஸில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வயிறு எரிகிறது, எரியட்டும். பகல் லைனிலும் ஒருநாள் இடம் வரும். வாங்காமல் விடமாட்டேன்.

விளக்கு வைத்ததும் சோறு. மகள் பக்கத்தில் வந்து படுத்தாள்.

"ராத்திரி வேலைக்கு போவலியா?"

"இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்ல."

என் இடது கையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். வலது கையால்தான் இதை எழுதுகிறேன். எனக்கும் கண் சொக்குகிறது, எல்லோருக்கும் சொக்குகிற நேரத்தில்.