சானா அறையில் ஒளித்த வாக்கர்

குவோப்பியோ
மார்ச் 9

அன்பு மகள் விர்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்த மெல்போர்ன் வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இரண்டு தாளில் எழுதி இரண்டையும் கிழித்துப் போட்டேன். ஒரு வருஷமாகப் போனில் உன்னிடம் சுகம் சுகம் என்று சொல்லி வருகிறேனே, அதே பொய்யைக் கையால் எழுத வரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி. ஏரி இன்னும் உறைந்து கிடக்கிறது, வாசல் படிக்கட்டில் போன வாரம் நான் வழுக்கி விழப் பார்த்தேன், மற்றபடி என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் அப்பா நடக்கவில்லை விர்பி. வாக்கரைப் பிடித்துக்கொண்டால் படுக்கையறையிலிருந்து சமையலறை வரை வருவார், அது இல்லாவிட்டால் ஆறு அடி, அதுவும் நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். மூளையில் ரத்தம் கசிந்த அன்று போன பேச்சில் திரும்பி வந்தது பதினோரு சொல். ஆமாம், இல்லை, காப்பி, சானா, சூடு, குளிர், போதும், நாளைக்கு, இப்படிச் சில, அப்புறம் கோபம் வந்தால் சனியனே, அது மட்டும் சுத்தமாக வருகிறது. பதினோராவதைக் கடைசியில் சொல்கிறேன், அதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அப்பா ஏரிக்கரை வரை நடக்கிறார், பேப்பர் படிக்கிறார், பன்னுக்கு ஏலக்காய் போதவில்லை என்று குறை சொல்கிறார் என்றெல்லாம் உனக்குச் சொன்னேனே, அத்தனையும் மேல் மாடி தௌனோ செய்வது. அவரைப் பார்த்துப் பார்த்து உன் அப்பா செய்வதாக உனக்குச் சொன்னேன். முகம் பார்த்துப் பேசலாம் என்று நீ கேட்டபோதெல்லாம் கேமரா கெட்டுவிட்டது என்றேன், கெடவில்லை. நீ அதை நம்பித்தான் வரும் பயணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்தாய்.

ஏன் என்று கேட்பாய். உனக்கு நினைவிருக்கும், அப்பாவை ஆம்புலன்சில் கொண்டுபோன அன்றே ஒரு டாக்டர் தாளோடு வந்தார். கசிவை நிறுத்த ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறோம், பாதிப் பேருக்கு மருந்து ஏறும், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஏறும், யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போடும், உங்களுக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது, மற்ற வைத்தியம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். கையெழுத்துப் போட்டேன். அதே வாரத்தில் தௌனோவுக்கும் அதேபோல் கசிந்தது, அவர் மனைவி இர்மெலியும் அதே தாளில் கையெழுத்துப் போட்டாள். ஏப்ரலில் அவர் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார். அன்றே நான் முடிவு கட்டிவிட்டேன், அவர்களுக்கு மருந்து, எங்களுக்கு உப்புத் தண்ணீர். கசிந்த இடம் வேறு, அளவு வேறு என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார், என் காதில் ஏறவில்லை. நாற்பது வருஷமாக இர்மெலி வீட்டுப் பால்கனியில் ஏரி தெரிகிறது, நம் வீட்டுப் பால்கனியில் குப்பைத்தொட்டி தெரிகிறது, அதற்கெல்லாம் வராத பொறாமை, தௌனோ மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டால் வந்தது. அந்த மனுஷன் விழுந்து தொலைந்தால் என்ன என்று ஒரு நாள் நினைத்தே விட்டேன். அடுத்த நிமிஷமே கதவைத் திறந்து அவர் பத்திரமாகப் போகிறாரா என்று பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாவது மாதம் ஆராய்ச்சி நர்ஸ் போன் செய்து விசாரிப்பாள், பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஒரு மதிப்பெண் போடுவாள். பூஜ்யம் என்றால் ஒரு குறையும் இல்லை, ஆறு என்றால் ஆள் இல்லை. வெளியே சொல்லக்கூடாது என்றுதான் நர்ஸ் இருந்தாளாம், இர்மெலி விடாமல் நச்சரித்து வாங்கிவிட்டு, அடித்தளத்தில் துணி துவைக்கிற அறைக்கு வந்து என்னிடம், "எங்க ஆளுக்கு ரெண்டுடி மர்கேத்தா! ரெண்டுன்னா சாமானியமா? உங்க ரைமோவுக்குக் கூப்பிட்டாங்களா, இல்லையா?" என்றாள். மறுநாள் எனக்குப் போன் வந்தது. தனியாக நடக்கிறாரா, நடக்கிறார். தானே உடுத்திக்கொள்கிறாரா, உடுத்திக்கொள்கிறார். கடைக்குப் போகிறாரா, வாரம் இரண்டு தடவை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நியாயமாக வரவேண்டியது நாலு, நான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இர்மெலியிடமும் போய் ஒன்று என்றேன், அவள் நம்பினாளோ என்னவோ. அன்றைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது பார், வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒரு வருஷம் முடிந்தால் நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பாள் என்பது எனக்கு மறந்துபோனது. போன வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, வாக்கரை லிஃப்டில் அடித்தளத்துக்குக் கொண்டுபோய், எல்லா வீட்டுக்காரர்களும் முறை வைத்து நீராவிக் குளியல் எடுக்கிற பொது சானாவை ஒட்டின உடை மாற்றும் அறையில் துண்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். வீட்டில் நாற்காலிகளைச் சோபாவிலிருந்து ஜன்னல் வரை வரிசையாகப் போட்டு அப்பாவுக்கு இரண்டு நாள் பழக்கினேன். பனி கொட்டியதால் நர்ஸ் வந்து சேரும்போது ஐந்தாகிவிட்டது. தெய்யா என்று பெயர், நல்ல பெண், பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, "ரைமோ ஐயா, ஜன்னல் வரைக்கும் ஒரு நடை நடந்து காட்டுங்களேன்" என்றாள். அப்பா எழுந்தார், ஒரு நாற்காலி, இரண்டாவது நாற்காலி. அப்போது வாசல் மணி அடித்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணி சானா முறை யாருக்கு? இர்மெலிக்கு. அதுவும் எனக்கு மறந்துபோனது.

கதவைத் திறந்தால் கையில் வாக்கரோடு தௌனோ நிற்கிறார், பின்னால் இர்மெலி. "மர்கேத்தா, இது உங்க வாக்கர்தானே? துண்டுக்கடியில கெடந்துச்சு. இது இல்லாம அவரு எப்படிம்மா நடப்பாரு! லிஃப்ட் வேணாம்னு இவரே மூணு மாடியும் தூக்கிட்டு ஏறினாரு, பாரேன்" என்றாள். எனக்கு அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. நாற்காலியைப் பிடித்து நின்ற உன் அப்பா வாக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சனியனே" என்றார், அப்புறம் சிரித்தார் பார், ஒரு வருஷத்துச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும் வரை. தௌனோ சிரிக்கவில்லை, சுவரைப் பார்த்து நின்றார். இர்மெலி அவரைப் பார்த்துவிட்டு, "எங்க ஆளு நடக்கறாரு, வந்ததுலேருந்து ஒரு தடவகூடச் சிரிக்கல. உங்க வீட்டுச் சிரிப்பு இனிமே மேல கேக்குமே" என்றாள். அவளுக்கும் என் மேல் பொறாமை என்று தெரிந்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நல்லவர்களுக்கு இரக்கம் வந்திருக்கும். எனக்கு நிம்மதிதான் முதலில் வந்தது, இரக்கம் மறுநாள் காலையில் வந்தது, பன் சுட்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

அவர்கள் போனபிறகு தெய்யாவிடம் ஆறாவது மாதப் பொய்யையும் சேர்த்து ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. "உங்க வீட்டுக்காரருக்கு உப்புத் தண்ணி ஏறியிருந்தா, உங்களால அதுவே மருந்து மாதிரி தெரியும். மருந்து ஏறியிருந்தா, அதுக்கு இல்லாத பலன் இருக்கற மாதிரி தெரியும். ரெண்டுலயும் அடுத்து வந்து படுக்கறவங்களுக்குத்தான் அடி, அம்மா" என்றாள். அடுத்து வந்து படுக்கிறவர் என்றதும் எனக்கு ஆம்புலன்சில் கிடந்த அப்பாவின் முகம்தான் வந்தது. ஒன்றை அடித்து நாலு என்று திருத்தி, காரணம் எழுதி, என்னிடமும் கையெழுத்து வாங்கினாள். கணக்கு மூடுவதற்கு முன்னால் சொன்னீர்களே, அதுவே பெரிது என்றாள். யாருக்கு எது ஏறியது என்று ஆராய்ச்சி முடிந்ததும் கடிதம் வருமாம். வரட்டும், நான் இனி ஊகிக்கப் போவதில்லை.

கிளம்பும் முன் பேச்சைச் சோதிக்க என்னைக் காட்டி, "இவங்க யாரு? பேரு சொல்லுங்க" என்று அப்பாவைக் கேட்டாள். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. "விர்பி" என்றார். அதுதான் அந்தப் பதினோராவது சொல். நாற்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவள் நான், கழுவிவிடுகிறவள் நான், பெயர் உனக்கு. "மர்கேத்தா நீளமான பேருல்ல, வர நாளாகும்" என்று தெய்யா சமாதானம் சொன்னாள். கேட்கிற சொல்தான் திரும்பி வருமாம். யோசித்துப் பார்த்தேன், விர்பி பேசினாள், விர்பி படம் அனுப்பினாள் என்று நான்தான் தினமும் உன் பெயரைச் சொல்கிறேன். இந்த வீட்டில் என் பெயரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அடுத்த வருஷம் வேண்டாம், இந்த மே மாதமே வந்துவிடு. வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மா என்று கூப்பிடாதே, மர்கேத்தா காப்பி கொண்டா, மர்கேத்தா ஜன்னலைச் சாத்து என்று நாளுக்கு நூறு தடவை என்னை ஏவு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கனமான காலுறை எடுத்து வர மறக்காதே, மே மாதம் என்று நம்பி மெல்லிய செருப்போடு வந்து நிற்காதே. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
பதினோரு சொல்லில் இல்லாத உன் அம்மா,
மர்கேத்தா