அடையாளமில்லாத நாற்பதடி நிலம்

அனுப்புநர்:
திருமதி கி. விஜயகலா,
செயலாளர், கீழ்ப்பிரிவு இளைஞர் விளையாட்டுக் கழகம்,
இல. 14, ஐந்தாம் லயம்,
ஹீன்கொல்ல தோட்டம்,
புளத்கொகுபிட்டிய.

பெறுநர்:
மாவட்ட இணைப்பாளர் அவர்கள்,
இளைஞர் விளையாட்டு, நலவாழ்வுச் சமூக நிதியம்,
கேகாலை.

பொருள்: எமது தோட்டத்துக் கரப்பந்துத் திடலின் இடத்தை மாற்றும்வரை, 19.11.2007 திங்கட்கிழமை மீண்டும் தொடங்கவுள்ள மண் வெட்டும் வேலையை நிறுத்தி வைக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் தங்கள் நிதியத்துக்கு எதிரானவள் அல்லேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் திடலுக்கான விண்ணப்பத்தைச் சென்ற ஆண்டு மார்ச் மாதம் எழுதியவளே நான்தான். கல்வியியற் கல்லூரியில் படித்து, மேற்பிரிவுத் தமிழ் வித்தியாலயத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். சிங்களத்திலும் தமிழிலும் எழுதத் தெரிந்தவள் என்பதால் கழகத்தார் என்னைச் செயலாளராக்கினார்கள். திருமணமாகி இத்தோட்டத்துக்கு வந்து அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. இம்மனுவை இரண்டு வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

2. திடல் தேவையா என்றால், தேவை. எங்கள் பிரிவில் நூற்றுப் பத்துக் குடும்பங்கள். இளவயதினர் எண்பது பேருக்கு மேல். வரிசை வீடுகளான லயத்தின் வாசலை விட்டால் காலைச் சமமாக வைக்க ஓர் இடம் கிடையாது. பையன்கள் தொழிற்சாலைப் பாதையில் பந்தடிக்கிறார்கள். பந்து பள்ளத்தில் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. 2005இல் பந்தை எடுக்கச் சரிவில் இறங்கிய சதீஸ் என்ற மாணவன் கால் எலும்பு முறிந்து, சாதாரண தரப் பரீட்சைக்கே போக முடியாமற் போனான். பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பாதையும் இல்லை. டவுன் மைதானத்துக்குப் போகலாம் என்றால், இப்போதைய யுத்த நிலைமையில் பந்தைக் கையில் வைத்திருக்கும் பையனிடமும் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு அட்டையே இல்லை. வேலை முடிந்து வரும் இளைஞர்கள் பின்னேரங்களை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதைத் தங்கள் நலவாழ்வு உத்தியோகத்தர் அறிக்கையில் எழுதியிருக்கிறார். அதை நானும் எழுதி அவர்களைத் தலைகுனிய வைக்க விரும்பவில்லை.

3. தோட்டத்தில் தேயிலையோ இறப்பரோ நடப்படாத சமதரை ஒன்றே ஒன்றுதான். மயானத்தின் கீழ்ப்புறம், கடைசி வரிசைக் கல்லறைகளுக்கும் மூங்கில் புதருக்கும் இடையே, நாற்பதடி அகலத்தில் புல் மட்டும் வளர்ந்த துண்டு அது. தோட்டத்து நிலஅளவைப் படத்தில் மயானமே கிடையாது. எல்லாம் சேர்த்து ஏழாம் இலக்க மலை என்றுதான் போட்டிருக்கிறது. முகாமையாளர் அந்தத் துண்டைத் தர ஒப்புக்கொண்டார். இங்கே பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. மயானப் பாதையிலுள்ள மதகு வரை வந்து நின்றுவிடுவோம். ஆகவே நான் பார்த்து எழுதவில்லை, கேட்டு எழுதினேன். கோயில் தலைவர் திரு. நல்லையா அவர்களிடம் அங்கே என்ன இருக்கிறது என்று விசாரித்தேன். “அங்க ஒன்னும் இல்லீங்க டீச்சர். சும்மா கெடக்குற எடம், எழுதிக்குங்க” என்றார். வரைபடத்தில் அந்தத் துண்டின் மேல் வெற்றுநிலம் என்று என் கையால் எழுதி ஒப்பமிட்டேன். அப்போது எனக்கு வயிற்றில் ஆறு மாதம்.

4. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை, ஐயா. இத்தோட்டத்து வழக்கம் ஒன்று எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒரு வயது நிரம்பாத பிள்ளை இறந்தால் கல் வைப்பதில்லை, குரோட்டன் செடி நடுவதில்லை, பதினாறாம் நாள் கும்பிடுவதில்லை. இரண்டு ஆண்கள் மட்டும் தூக்கிக்கொண்டு போய், பெரியவர்களின் வரிசைக்கு வெளியே அந்தப் புல்துண்டில் வைத்துவிட்டு வருவார்கள். இந்துக்களும் அப்படித்தான், வேதக்காரரான கிறிஸ்தவர்களும் அப்படித்தான். எந்த இடம் என்பதைத் தாய்க்குச் சொல்வதில்லை. சொன்னால் அவள் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள், அடுத்த பிள்ளை தங்காது என்று நம்புகிறார்கள். யாரும் பேசாத இடமாகையால் நாளடைவில் அது ஒன்றும் இல்லாத இடமாகிவிட்டது. நல்லையா ஐயா தமது இரண்டு பிள்ளைகளை அங்கேதான் வைத்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

5. எனது மூத்த பிள்ளை தனுஷிகா 2006 செப்டெம்பர் 21ஆம் திகதி, மூன்று மாதமும் எட்டு நாளும் ஆன நிலையில், காய்ச்சலில் இறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் கிடைத்த நேரத்தைப் பற்றி எழுதினால் அது வேறொரு மனுவாகிவிடும். என் கணவர் கிருஷ்ணகுமாரும், குழி வெட்டும் திரு. தேவதாசனும் அவளைக் கொண்டு போனார்கள். மயானத்துக்கு என்று மட்டும் எனக்குத் தெரியும். திரும்பி வந்த கணவரிடம் எந்த இடம் என்று கேட்டேன். “வேணாம் கலா, கேக்காத” என்றார். அதற்குப் பிறகும் பலமுறை கேட்டுவிட்டேன். படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள், இப்படியொரு வழக்கத்துக்குக் கட்டுப்பட்டது ஏன் என்று தாங்கள் நினைக்கலாம். சென்ற ஜூலையில் மகன் பிறந்தான். அவன் தூங்கும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறவளாகிவிட்டேன். அப்படிப்பட்டவளுக்கு எந்த வழக்கத்தையும் மீறத் துணிவு வருவதில்லை.

6. கடந்த ஒக்டோபரில் நிதி ஒதுக்கிய கடிதம் வந்தபோது பையன்கள் பட்டாசு கொளுத்தினார்கள். நான் பாயசம் வைத்துக் கொடுத்தேன். நவம்பர் 2ஆம் திகதி வெள்ளிக்கிழமை, பெக்கோ இயந்திரம் வந்து மூங்கில் பக்கமிருந்து மண்ணை வழித்தது. பத்து மணியளவில் இயந்திரம் ஓட்டியவர் தாமாகவே நிறுத்திவிட்டு இறங்கினாராம். வழித்த மண்ணில் ஒரு துண்டு வெள்ளைத் துணியும் ஒரு கறுப்பு வளையலும் கிடந்திருக்கின்றன. என் இரண்டு விரல் நுழையாத வளையல். ஓட்டியவர் சிங்களவர். அதைத் தமது கைக்குட்டை லேஞ்சியில் மடித்து, கும்பிட்டு, அங்கே வேடிக்கை பார்த்து நின்ற பையன்களிடம் கொடுத்துவிட்டு அன்று வேலை செய்ய மாட்டேன் என்று போய்விட்டார். லேஞ்சி லயத்துக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் நான் எந்த இடத்தை வெற்றுநிலம் என்று எழுதியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. அது யாருடைய பிள்ளையின் வளையல் என்று சொல்ல முடியாது. கண்ணூறு படாமல் எல்லாப் பிள்ளைக்கும் போடுகிற வளையல்தான். “எம்புள்ளைக்கும் இதேதான் போட்டிருந்தேன்” என்றார் பக்கத்து வீட்டுச் சுப்பம்மா. மூன்றாம் லயத்துத் தெரேசம்மாவும் அதையே சொன்னார். நானும் சொன்னேன்.

7. நவம்பர் 6ஆம் திகதி தங்கள் விளையாட்டு உத்தியோகத்தர் தோட்ட அலுவலகத்தில் கூட்டம் வைத்தார். அவர் கடுமையாகப் பேசவில்லை. கல்லோ சிலுவையோ சீமெந்தோ உள்ள எந்தக் குழியையும் தொட மாட்டோம் என்று உறுதி தந்தார். மற்ற இடத்துக்கு “சலகுணக் நேனே, மிஸ்” என்றார். அடையாளம் ஒன்றும் இல்லையே என்று பொருள். இடத்தைக் காட்டினால் விட்டுவிடுவதாகவும் சொன்னார். காட்ட எனக்குத் தெரியாது. தெரிந்த என் கணவர் தலையைக் குனிந்து நின்றார். வேண்டுமானால் தோண்டி எடுத்து ஒரே குழியில் சேர்த்து வைக்கலாம் என்றும் ஒரு யோசனை சொல்லப்பட்டது. அதற்குத்தான் என் கணவர் வாய் திறந்தார். “ஒரு தரம் வச்சிட்டு வந்தேன் சேர். மறுபடி என்னால தூக்க முடியாது” என்றார். பின்வரிசையில் இருந்த தோட்ட உத்தியோகத்தர் ஒருவர், “டீச்சர்தானே கையெழுத்து வச்சது? இப்ப டீச்சரே வேணாங்குறாங்க. நல்ல செயலாளர்தான் புடிச்சீங்க போங்க” என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சொன்னதில் பிழையில்லை. டிசம்பர் 31க்குள் வேலை முடியாவிட்டால் நிதி திரும்பிவிடும், ஆகவே 19ஆம் திகதி இயந்திரம் வரும் என்று முடிவாயிற்று.

8. தீபாவளி கழிந்த ஞாயிறு, 11ஆம் திகதி காலை பத்து மணிக்கு, நானும் சுப்பம்மா, தெரேசம்மா உட்பட வேறு ஆறு தாய்மாரும் மதகைத் தாண்டி உள்ளே போனோம். இத்தோட்டத்தில் பெண்கள் அங்கே போனது அதுவே முதல் தடவை என்கிறார்கள். அன்று முதல் என் மாமியார் என்னோடு பேசவில்லை, குழந்தையையும் தூக்குவதில்லை. திரு. தேவதாசனைக் கெஞ்சித்தான் கூட்டிப் போனோம். “காட்டுறேன். ஆனா எது யாருதுன்னு கேக்கப்படாது. கேட்டா இப்பவே திரும்பிருவேன்” என்று சொல்லிவிட்டு, ஒவ்வோர் இடமாகக் குனிந்து புல்லைக் கையால் தொட்டுக் காட்டினார். இருபத்து மூன்று இடங்கள். பதினாறு வருடத்தில் அவர் வெட்டியவை அவ்வளவு. “அதுக்கு முன்னுக்கு எங்கப்பா வெட்டுனது, அது எனக்குத் தெரியாது” என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓரிடத்தில் அவர் என்னைப் பார்க்காமல் சற்று வேகமாக நகர்ந்ததுபோல் எனக்குப் பட்டது. இல்லாமலும் இருக்கலாம். அதை வைத்து நான் எதையும் கோரவில்லை.

9. அந்த இருபத்து மூன்று இடத்திலும் குச்சி நட்டுவிட்டு வந்தோம். செவ்வாய்க்கிழமை பார்த்தபோது ஒன்றும் இல்லை. ஆடு மேய்ந்து சாய்த்ததா, யாரும் பிடுங்கினார்களா என்று நான் விசாரிக்கப் போகவில்லை. புதன்கிழமை தங்கள் உத்தியோகத்தர் வந்து பார்த்துவிட்டு, முன்பு சொன்னதையே சொல்லிப் போனார். தேவதாசன் இரண்டாம் தரம் காட்ட மறுக்கிறார். செய்தது பாவம் என்று அவர் ஞாயிறு இரவு முதல் சாப்பிடவில்லையென அவர் மனைவி வந்து என்னைத் திட்டினார்.

10. இளைஞர்களைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. கோபம் இருந்தது உண்மை. “டீச்சரோட ஒரு புள்ளைக்காக எம்பது பேரோட கிரவுண்டு போவப்போகுது” என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். ஆனால் நேற்று மாலை கரப்பந்து அணித் தலைவர் சாள்ஸ் அளவு நாடாவோடு வீட்டுக்கு வந்தார். “அக்கா, காசு திரும்பிப் போனா மறுபடி நம்ம பக்கம் வராது. அதுக்காக, காலுக்குக் கீழ புள்ள இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு எவன் எழும்பி அடிப்பான்?” என்று கேட்டார். அவரும் நண்பர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். திடலை மூங்கிலுக்கு அப்பால் தள்ளிக் குறுக்காகத் திருப்பினால், பிள்ளைகளின் துண்டில் ஓரடியும் வேண்டியதில்லை. அதற்கு எட்டடி மண்மேட்டை வெட்ட வேண்டும். பால் வற்றிப்போன பதினொரு இறப்பர் மரங்களை எடுக்க வேண்டும். மேட்டை இளைஞர்கள் சிரமதானமாக வெட்டித் தருவார்கள். மரங்களை எடுக்க, நிதியத்திடமிருந்து கடிதம் வந்தால் மறுப்பில்லை என்று முகாமையாளர் இன்று காலை என்னிடம் வாய்மொழியாகச் சொன்னார்.

11. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன:

(அ) திங்கட்கிழமை வேலையை நிறுத்தி வைக்க எழுத்தில் உத்தரவிட வேண்டும்.

(ஆ) இத்துடன் இணைத்துள்ள சாள்ஸின் அளவுப்படி திடலை மாற்றி, முகாமையாளருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். நிதியைத் திருப்பி எடுத்துவிட வேண்டாம். என்னால் நேர்ந்த பிழைக்கு இப்பிள்ளைகள் திடலை இழந்தால், இந்த லயத்தில் நான் யார் முகத்திலும் விழிக்க முடியாது.

(இ) அந்த நாற்பதடித் துண்டைச் சுற்றி வேலி போட அனுமதி பெற்றுத் தர வேண்டும்.

(ஈ) 2006 மார்ச் வரைபடத்தில் வெற்றுநிலம் என்று எழுதி நான் இட்ட ஒப்பத்தை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். செயலாளர் பதவியிலிருந்து என்னை நீக்குவதானால் அதற்கும் சம்மதம்.

12. இம்மனுவை நாளை வெள்ளிக்கிழமை நானே நேரில் கொண்டு வந்து தருகிறேன். சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை என்பது தெரியும். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு இயந்திரம் வரும் என்றிருக்கிறார்கள். நாங்கள் ஏழு தாய்மாரும் அப்போது அந்தப் புல்லில் நிற்போம். அதை மறியல் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று காட்ட எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஏழு மணிக்கு வேலைக்குப் பெயர் போடும் பெரட்டு. அதைத் தவறவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்பதால் மற்ற ஆறு பேரும் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். பிரசவ விடுமுறையில் இருக்கும் நான் மட்டும் கைக்குழந்தையோடு இருப்பேன். தங்கள் உத்தரவு ஏழு மணிக்கு முன்னர் இயந்திரம் ஓட்டுபவரின் கையில் கிடைக்க ஆவன செய்யுமாறு மன்றாடிக் கேட்கிறேன். ஏழு மணிக்குப் பிறகு இருபத்து மூன்று இடத்துக்கும் நான் ஒருத்திதான். அதில் எந்த இடத்தில் போய் நிற்பது என்று எனக்குத் தெரியாது, ஐயா.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) கி. விஜயகலா

இடம்: ஹீன்கொல்ல தோட்டம், கீழ்ப்பிரிவு
திகதி: 15.11.2007

இணைப்பு: திடலின் மாற்று அளவுப்படம், ஆறு தாய்மாரின் ஒப்பமும் பெருவிரல் அடையாளமும், மகளின் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள்.