மெதுவாக ஓட்டிப் பார்த்த முழங்கை

மார்ச் 4

இன்று மூன்று இடத்தில் லிஃப்ட் சர்வீஸ். ஒன்றில் கதவு சென்சாரை மாற்ற வேண்டியிருந்தது. மாலையில் அக்கா போன் செய்தார். கூடைப்பந்தில் என்னோடு நடுவராக நிற்பவர். சனிக்கிழமை அரையிறுதி, விசில் பிடிக்க வா என்றார். "வீட்ல உக்காந்து சுவத்தையா பாக்கப்போற?"

சரி என்றேன். பொண்டாட்டி செத்த பிறகு முதல் ஆட்டம். அதை எழுதிப் பார்க்கிறேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

மார்ச் 8

கடைசி நிமிடங்கள். எதிரணிக்காரன் கூடைக்குத் தாவினான். ஏணியின் முழங்கை அவன் கழுத்தில். (எல்லோரும் அவனை ஏணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த அணியே அவனை நம்பித்தான்.) விசில் ஊதிவிட்டு மேசைக்குப் போய் வீடியோ பார்த்தேன்.

ஃபவுலில் முதல் நிலை என்றால் தேவையில்லாத மோதல், தொடர்ந்து ஆடலாம். இரண்டாம் நிலை என்றால் தேவையும் இல்லை, அளவும் மீறியது, வெளியே போகணும். கை ஓங்கினானா, எங்கே பட்டது, எவ்வளவு பலமாக, பட்ட பிறகும் தள்ளினானா, பந்துக்குத்தான் போனானா. முழங்கை வந்தது, கழுத்தில் அமுங்கியது, தலை பின்னால் சாய்ந்தது. இரண்டு விரல் காட்டினேன்.

"சார், பந்துக்குத்தான் சார் போனேன்!"

அவன் அணி ஜெயித்தது. ஆனால் வெளியே போனவனுக்கு அடுத்த ஆட்டமும் கிடையாது, ஃபைனலில் அவன் ஆட முடியாது.

மார்ச் 9

அக்கா போன்.

"நேத்து எந்த ஸ்பீடுல பாத்த?"

"ஸ்லோவுல."

"மூணு தடவையுமா?"

"ஆமா."

"எங்க பட்டுச்சுன்னு பாக்கத்தான்டா ஸ்லோ. எவ்ளோ பலமா பட்டுச்சுன்னு அதுல தெரியாது. மெதுவா ஓட்டினா கட்டிப்பிடிக்கறதுகூட கழுத்த நெரிக்கற மாதிரிதான் இருக்கும்."

இது எனக்குத் தெரியாதா? புது நடுவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுத்ததே நான்தான்.

மார்ச் 10

ஏன் என்று தெரியும். போனில் அவளுடைய வீடியோ ஒன்று இருக்கிறது. துணி காயப்போட்டுக்கொண்டே திரும்பி என்னைத் திட்டுவாள். ரொம்பச் சின்னது. அதனால் எப்போதும் ஸ்லோவில்தான் ஓட்டுகிறேன் — இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாளே. விரல் பழகிவிட்டது. மேசையிலும் ஸ்லோ பட்டனுக்கே போயிருக்கிறது.

அதுக்கு அவன் ஃபைனல் பறிபோகணுமா? ச்சே.

மார்ச் 12

கமிட்டி முன்னால் நிஜ வேகத்தில் போட்டுக் காட்டினேன். கை ஓங்கவே இல்லை. பந்தைத் தட்டப் போனவன், தாமதமாகிவிட்டது. முதல் நிலைதான், மாற்றுங்கள் என்றேன். மாற்றினார்கள்.

"அப்போ உங்கள எப்படி ஃபைனலுக்குப் போடறது?" என்றார் செயலாளர். நியாயமான கேள்வி.

"தப்புன்னு தானா வந்து சொன்னவன் இவன் ஒருத்தன்தான் சார்," என்றார் அக்கா. "இவன் இல்லன்னா நானும் இல்ல."

மார்ச் 15

ஃபைனல். ஏணி ஆடினான். நானும் நின்றேன்.

மூன்றாவது கால்பகுதி. ஒருவன் பந்தோடு தனியாகக் கூடைக்கு ஓடினான். பின்னாலேயே ஏணி. பந்துப் பக்கம் பார்க்கவே இல்லை, இரண்டு கையாலும் முதுகில் தள்ளிவிட்டான். ஓடியவன் கம்பத்தில் போய் மோதி விழுந்தான்.

எனக்குக் குப்பென்று கோபம். காதெல்லாம் சூடு. எத்தனை நாளாச்சு இப்படி ஏதாவது வந்து!

அக்கா பக்கத்தில் வந்தார். "கோவமா இருக்கியா?"

"ஆமாக்கா."

"நல்லது. அத இங்கயே வெச்சிட்டு வா, வீடியோவப் பாப்போம்."

முதலில் நிஜ வேகம். பிறகு ஸ்லோ. மறுபடி நிஜ வேகம். எப்படி ஓட்டினாலும் இரண்டாம் நிலை. வெளியேற்றினேன்.

போகிற வழியில் ஏணி என் முன்னால் நின்றான். "இந்தத் தடவ நான் ஒண்ணும் சொல்லல சார்."

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று அவளிடம் உரக்கக் கேட்டுவிட்டேன்.

ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.