திணறும் வண்டியும் மில் வீட்டு முகூர்த்தமும்

1961 வைகாசி 9, திங்கள்

கத்திரி வெயில். தவில் தோலைத் தொட்டாலே சுடுகிறது. காலையில் எங்கள் பழைய மோட்டார் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அதே கதை. நின்றால் உதறல். மிதித்தால் ஒரு திணறல், அப்புறம்தான் நகரும். ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு குறையும் கிடையாது. நிறுத்தினால் அணைந்துவிடுகிறது.

வாங்க: நாயனத்தில் வைத்து ஊதும் சீவாளிக்கு நூல், அக்காவுக்குத் தைலம், தீப்பெட்டி.

ஞாயிறன்று விழுப்புரத்தில் அரிசி மில்காரரின் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். தை மாதம் மூத்த பெண் கல்யாணத்துக்குப் போகும்போது இதே வண்டி விக்கிரவாண்டி ரயில்வே கேட்டில் அணைந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடக்கிறது. கெட்டிமேளம் இல்லாமல் தாலி ஏறியிருக்கிறது. யாரோ தாம்பாளத்தைத் தட்டிச் சமாளித்தார்களாம். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மில்காரருக்குப் பெரிய மனசு, மறுபடி எங்களையே கூப்பிட்டிருக்கிறார்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், எங்கள் செட்டுக்கு நாயனம். தவில் நான். டிரைவரும் நானே. மாமா இன்று சொன்னது: "இந்தத் தபா பஸ்ஸுலதான் போறோம். கல்யாணம் முடிஞ்சதும் அந்த வண்டிய வித்துத் தொலைச்சிடு. பேஜாரு."

"சனி ராத்திரி இங்க கோயில்ல வாசிச்சிட்டு, விடியக்காலம் தவிலு, நாயனம் எல்லாம் தூக்கிக்கினு போனா எந்த பஸ்ல மாமா ஏத்துவான்?"

"ஏத்துவான். இன்னொரு தபா தாம்பாளம் தட்ட வுட்டா நம்ம செட்ட எவன் கூப்புடுவான்?"

அவர் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.

வைகாசி 10, செவ்வாய்

திண்டிவனம் ஷெட். மேஸ்திரி பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். பாயிண்ட்டை உரசினார். கார்பரேட்டரை வாயால் ஊதினார். டீ குடித்தார். பிறகு தீர்ப்பு: "சிலிண்டர் தேஞ்சு போர் போயிடுச்சு. இன்ஜின எறக்கணும். ஒரு மாசம் ஆவும்."

போர் போனால் புகை தள்ள வேண்டாமா என்று கேட்டேன். "நீ தவில வாசி" என்றார்.

உதறலோடே வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு. ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. அப்புறம் சாப்பிட்டேன்.

வைகாசி 12, வியாழன்

நேற்று எழுதவில்லை. கோபம்.

இன்று பானெட்டைத் திறந்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இத்தனை நாள் இதைச் செய்யாத மடையன் நான். நாலு சிலிண்டர், நாலு அடி. இரண்டு நன்றாக விழுகிறது, அடுத்த இரண்டு அமுங்கி விழுகிறது. கீழ்க்காலத்தில், அதாவது மெல்ல ஓடும்போதுதான் இப்படி. மிதித்து மேல்காலத்துக்குக் கொண்டுபோனால் நாலும் சமம். போர் போயிருந்தால் எல்லாக் காலத்திலும் அல்லவா அமுங்க வேண்டும்?

ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். (ஷாக் ஒன்று. சின்னது.) முதல் இரண்டில் எதைத் தூக்கினாலும் வண்டி படுத்துவிடுகிறது. மூன்று, நாலைத் தூக்கினால் கண்டுகொள்ளவே இல்லை. பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டேன். அப்போதும் அந்த இரண்டுதான். ஆக, பிளக் இல்லை. அந்த இரண்டுக்கும் காற்றும் பெட்ரோலும் போகிற வழி ஒன்றுதான்.

எதிரே மாமா சீவாளி சோதித்துக்கொண்டிருந்தார். ஓரம் விட்டுப்போன சீவாளி. மெல்ல ஊதினால் வெறும் காற்று. பலமாக ஊதினால் எப்படியோ நாதம் வந்துவிடுகிறது. பொறி தட்டியது எனக்கு. இன்ஜினும் எங்கேயோ ஓரம் விட்டிருக்கிறது. மெல்ல ஓடும்போது வேண்டாத காற்றை உறிஞ்சுகிறது.

அக்காவிடம் ஒரு கரண்டி மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், கேட்டேன். "இன்னா, வண்டிக்குத் தாளிக்கப் போறியா?" என்றாள். கொடுத்தாள்.

காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய், மேனிஃபோல்டு, இன்ஜினோடு சேரும் இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டேன். முன்பக்கம் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. பின்மூலையில் விட்டதும் எண்ணெயைச் சர்ரென்று உள்ளே இழுத்தது. உதறல் நின்றது. நாலு அடியும் சமம். எண்ணெய் தீர்ந்ததும் வெள்ளைப் புகை, பழைய உதறல்.

போதும். கண்டுபிடித்துவிட்டேன். தனியாக நின்று சிரித்தேன்.

வைகாசி 13, வெள்ளி

பின்மூலையில் கையை விட்டுத் தடவினால், நட்டே இல்லை. கை நுழையாத இடம். முன்பு கழற்றிய புண்ணியவான் மாட்டாமலே விட்டிருக்கிறான். இடையில் அடைக்கும் பேக்கிங் கிழிந்து தொங்குகிறது.

இந்தப் பழைய வண்டிக்குப் பேக்கிங் எந்தக் கடையிலும் இல்லை. விக்கிரவாண்டி லாரி ஷெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டும் ஒரு நட்டும் கிடைத்தன. தோல் வெட்டும் கத்தியால் அளவாக வெட்டினேன். கத்தி முனை மழுங்கியது, போகட்டும்.

இன்ஜின் சூடு ஆறும் முன்னே கையை விடப் போனேன். மாமா பிடித்து இழுத்தார். "கையச் சுட்டுக்கினா ஞாயித்துக்கெழம எவன்டா வாசிக்கிறது?" உள்ளே போய் விசிறி கொண்டுவந்து நின்று விசிறினார். எனக்கில்லை, இன்ஜினுக்கு.

நட்டில் கிரீஸ் தடவி விரல் நுனியில் ஒட்டி, கண்ணால் பார்க்காமலே திருகினேன். பலமுறை விழுந்தது. கடைசியில் மரை பிடித்தது.

ஸ்டார்ட். நாலும் சமம். மாமா "கேட்டுல நின்னாதான் தெரியும்" என்றார்.

வைகாசி 15, ஞாயிறு

தூக்கமில்லை, கை வலி, எழுதாமல் இருக்க முடியவில்லை.

விக்கிரவாண்டி கேட் மூடியிருந்தது. கூட்ஸ். முகூர்த்தத்துக்கு நேரம் அதிகம் இல்லை. நான் இன்ஜினை அணைக்கவில்லை. மாமா கூட்ஸைப் பார்க்கவில்லை, பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகனுக்குப் பின் வேகன், முடிகிற வழியாக இல்லை. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. வண்டி மட்டும் பதறவில்லை. கேட் திறந்தது, மிதித்தேன். திணறல் இல்லை. பின்னால் இருந்த பஸ்காரன் ஆரன் அடிப்பதற்குள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.

முகூர்த்தத்துக்கு முன்னே காபி குடிக்கக்கூட நேரம் இருந்தது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று ஐயர் கையைத் தூக்கினார். அடித்தேன். தையிலிருந்து உள்ளே கிடந்ததையெல்லாம் சேர்த்து அடித்தேன். முண்டியம்பாக்கம் வரை கேட்டிருக்கும்.

கிளம்பும்போது மில்காரர் வாசலுக்கு வந்தார். "ஆனியில ஒலக்கூர்ல என் தம்பி பொண்ணுக்குக் கல்யாணம். நீங்கதான் வரணும். வண்டிய நெனச்சு கஷ்டப்படாதீங்க, நானே கார் அனுப்பறேன்."

மாமா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணு. ஐயா கேக்கட்டும்."

ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். மில்காரர் தலையைச் சாய்த்து நின்று கேட்டார். அந்த நாலு அடிக்கும் மாமா தொடையில் தாளம் போட்டார். கியர் போடக் கையைக் கொண்டுபோனேன், "இருடா" என்றார்.