ஊர்க்காரப் பையன்

சைகோன், 1909 ஜூன் 12

அன்புள்ள ஜூலியேத் அக்காவுக்கு, தம்பி லூசியேன் எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு என் தோத்திரம் சொல்.

கப்பலில் வாந்தி எடுத்ததைத் தவிரக் குறையில்லை. இங்கே மத்தியானமானால் மழை. நம் ஊர்க் காவல்காரர்களுக்கும் குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்கும் ஞானோபதேசம் சொல்லித் தருகிறேன். 'உபதேசியார் ஐயா' என்று கூப்பிடுகிறார்கள், சிரிப்பு வருகிறது. சாமியார் என்னைச் சுங்கக் குமாஸ்தா அகுஸ்தேன் ஐயா வீட்டில் தங்கவைத்திருக்கிறார். அவர்கள் மேசையிலேயே எனக்கும் சாப்பாடு! கோயிலில் நம் ஊர்போல நம்மைப் பிரித்துவைக்க நடுவே தடுப்புக் கிடையாது, எல்லோருக்கும் ஒரே பெஞ்சு. ஐயாவின் மனைவி மட்டும், "புதுச்சேரியில் எந்தத் தெரு தம்பி?" என்று இரண்டு தரம் கேட்டார்கள்.

உன் பிள்ளைக்கு என் முத்தம்.

லூசியேன்


புதுச்சேரி, ஜூலை 18

ஆசைத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மா தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள். ஒரே மேசை, ஒரே பெஞ்சு என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து நம் கடைக்குட்டி மார்செலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அங்கே கிடங்குக் காவல் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அடுத்த கப்பலில் வருகிறான். சின்னவன், முன்கோபி, பார்த்துக்கொள்.

எந்தத் தெரு என்று கேட்டார்களே, நீ என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுதவில்லை.

அக்கா ஜூலியேத்


சைகோன், ஆகஸ்ட் 14

அக்கா,

மார்செல் கிளம்பியிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கோயிலை ஒட்டின தெரு என்று சொன்னேன். சேரி என்று வாயில் வரவில்லை. போன வாரம் வடிவேல் என்ற காவல்காரர் சேதி கொண்டுவந்து தண்ணீர் கேட்டார். அவர் சேரிக்காரர் என்று இந்த வீட்டாருக்குத் தெரியும். அவர் போனதும் அம்மாள் அந்தக் குவளையைக் குப்பையில் போடச் சொன்னார்கள், என்னிடமே. போட்டேன். பிறகு அதே மேசையில் உட்கார்ந்தேன்.

சாமியாரிடம் வேறு இடம் கேட்டேன். "என்ன குறை?" என்றார். காரணத்தைச் சொன்னால் நம் தெருவையும் சொல்லவேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒப்புக்கொண்டு வந்தவன், நினைத்தபடி திரும்பவும் முடியாது. மார்செலோடு வருகிறவர்களுக்கு நம் தெரு தெரியும். அவன் "அண்ணே" என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும். வேண்டாம் என்று சொல்லிவிடு.

லூசியேன்


புதுச்சேரி, அக்டோபர் 3

தம்பி,

உன் கடிதம் வரும்போது கப்பல் போய்விட்டிருந்தது. அம்மாவிடம் சொல்லாமல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். நேற்று மார்செலிடமிருந்து கடிதம். துறைமுகத்தில் நீ ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாயாம். அகுஸ்தேன் ஐயா வீட்டில் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்களாம். அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வீணாகப் பயந்து என்னையும் பயமுறுத்தினாயே!

ஜூலியேத்


சைகோன், நவம்பர் 7

அக்கா,

மார்செல் எழுதியது ஒன்றும் நடக்கவில்லை.

ஜெபப் புத்தகக் கட்டு வாங்க அகுஸ்தேன் ஐயாவும் என்னோடு துறைக்கு வந்திருந்தார். மார்செல் கப்பல் ஏணியிலிருந்தே "அண்ணே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"யாரப்பா இது?" என்றார் ஐயா.

"ஊர்க்காரப் பையன்."

மார்செல் என் முகத்தையே பார்த்தான். பிறகு தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆமாங்கய்யா, ஊர்க்காரன்தான்" என்றான். வடிவேல் அவனை அழைத்துப் போனார். நான் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஐயாவின் பின்னால் நடந்தேன்.

உன் கடிதம் படித்த அன்றே சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன், நான் சேரிக்காரன், அவன் என் கூடப்பிறந்தவன் என்று. யாரும் கத்தவில்லை. அம்மாள் எழுந்து உள்ளே போனார்கள். "சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார் ஐயா. மறுநாளிலிருந்து குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள் பாடத்துக்கு வருவதில்லை. மாற்று உபதேசியார் வரும்வரை சைகோனிலேயே இரு என்கிறார் சாமியார். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

இப்போது காவல்காரர் கொட்டகையில் மார்செலோடு இருக்கிறேன். பாயில் பாதி விடுகிறான், சோற்றிலும் பாதி. இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, "வருகிறேன், உபதேசியார் ஐயா" என்றான்.

அப்போது பக்கத்தில் வேறு யாருமே இல்லை, அக்கா.

லூசியேன்