வெளிப்பக்கத்து ஸ்க்ரூ

ஜூன் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்கள் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆனபிறகு இவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று பதற வேண்டாம். போனில் பேசலாம்தான், இரண்டாவது நிமிஷமே சண்டை வந்துவிடும்.

வீட்டில் திருட்டுப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், நான் பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த நேரம். ரேடியோ, என் கைக்கடிகாரம், பாப்பா விட்டுப்போன கேமரா. போனால் போகட்டும். எந்த வழியாக வந்தான் தெரியுமா? பாப்பாவின் அறை ஜன்னல். கம்பியை வளைக்கவில்லை, அறுக்கவில்லை. வெளியே நின்று நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, கிரில்லை அப்படியே எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறான். ஸ்க்ரூக்களைக்கூட வரிசையாக அடுக்கியிருந்தான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த ஒழுங்கு உங்களுக்கு வந்ததில்லை.

பார்க்க வந்த வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார். "யாரும்மா இதைப் போட்டது? ஸ்க்ரூவை வெளிப்பக்கம் வெச்சா, திருடனை வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்ட மாதிரில்ல?" ஊரில் பாதி ஜன்னலுக்குக் கம்பி போட்ட என் வீட்டுக்காரர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. யாரோ ஒருத்தர் என்று சொல்லிவிட்டேன்.

மற்ற ஜன்னல்களில் கம்பியைச் சுவருக்குள் புதைத்தவர், இதை மட்டும் ஏன் இப்படிச் செய்தீர்கள்?

பாப்பாவின் அம்மா

ஜூன் 9

பாப்பாவின் அம்மாவுக்கு,

யாரோ ஒருத்தர் எழுதுகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்கவே பயமாக இருந்தது. உனக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும்.

அது தெரிந்தேதான் செய்தது. இரண்டு வயசில் பாப்பா உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல் அழுதாளே, ஞாபகம் இருக்கிறதா? தேக்குக் கதவு, தோளால் மோதியும் அசையவில்லை. நீ வெளியே நின்று கம்பி வழியாகக் கையை விட்டு, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு பாடினாய். உனக்கு எந்தப் பாட்டும் முழுசாகத் தெரியாது. முதல் இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் பாடினாய். நான் ரம்பம் வைத்து அறுத்துக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம்! யாராலும் அறுக்க முடியாது என்று ஊரெல்லாம் பெருமையடித்த கம்பி.

புதுக் கிரில் போடும்போது ஸ்க்ரூவை வெளிப்பக்கம் வைத்தேன். அவள் வளர்ந்ததும் மாற்றிவிடலாம் என்றிருந்தேன். அவள் வளர்ந்ததே தெரியவில்லை.

இனிமேல் கிரில்லைச் சட்டத்தின் உள்பக்கம் வைத்து, ஸ்க்ரூத் தலைகளை வெல்டிங்கால் அடைத்துவிட வேண்டும். சமையலறை ஜன்னலின் கொக்கி தொளதொளவென்று இருக்கும். அதற்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து முடித்துவிட்டு, சாயங்காலமே கிளம்பிவிடுகிறேன்.

பாப்பாவின் அப்பா

ஜூன் 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் பாடியதைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அதற்கப்புறம் வந்த கோபத்தையும் எழுதிவிடுகிறேன்.

பாப்பா கல்யாணமாகிப் போய்ப் பத்து வருஷம். நீங்கள் போனதிலிருந்து நான் படுப்பது அந்த அறையில்தான், நல்ல காற்று வருகிறதென்று. ஆறு வருஷம், தனியாக. அந்த ஜன்னலை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் கழற்றலாம் என்பது தெரிந்த ஒரே ஆள் நீங்கள். எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

பாப்பாவின் அம்மா

ஜூன் 20

பாப்பாவின் அம்மாவுக்கு,

எழுதியிருக்க வேண்டும். பல தடவை பேப்பரை எடுத்தேன். எழுதினால் நான்தான் முதலில் இறங்கி வந்தேன் என்று ஆகிவிடுமே என்று வீம்பு. நீ தூங்கும்போது அவன் வந்திருந்தால் என்று நினைத்தால் இப்போது சோறு இறங்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. பட்டறையை மூடிய ஆத்திரத்தை உன்மேல் காட்டியதும் தப்பு, கிளம்பிப் போனதும் தப்பு.

உன் பதில் கிடைத்ததும் வெல்டிங் மிஷினோடு வரட்டுமா? வேலையை மட்டும் முடித்துக் கொடுக்கிறேன். உனக்குத் தொந்தரவாக இருக்க மாட்டேன்.

பாப்பாவின் அப்பா

ஜூன் 25

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஜன்னல் வேலைக்கு நீங்கள் வர வேண்டாம். நேற்றே வெல்டரைக் கூப்பிட்டு, உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். நன்றாகவே செய்திருக்கிறார். பிடித்து இழுத்துப் பார்த்தேன், ஆடவில்லை.

கோபத்தில் செய்யவில்லை. கொஞ்சம் கோபமும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை என்று வந்தால் நீங்கள் வேலையைத்தான் பார்ப்பீர்கள். ஏணிமேல் நின்றபடியே, "சாப்பிட்டியா, பாப்பா போன் பண்ணாளா" என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

இப்போது இந்த வீட்டில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. சண்டை மட்டும்தான் பாக்கி, அதை நேரில் வைத்துக்கொள்ளலாம். மிஷின் வேண்டாம். உங்கள் துணிமணியை எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் மனைவி